வேலிக்கு மேல் வந்த பரங்கிக்காய்

அக்கா,

இன்று காலை பத்து மணி இருக்கும். கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து பரங்கிக்காய் வேகும் வாசனை வேலியைத் தாண்டி வந்தது. நிறையத் தண்ணீரில் கொதிக்கிற வாசனை இல்லை. மூடி போட்டு, அடங்கிய கரித் தணலில் தன் தண்ணீரிலேயே வேகும்போது அடியில் லேசாகப் பிடித்து, வெல்லம் காய்வதுபோல ஒன்று வருமே, அது. கையிலிருந்த ஈரச் சேலையைக் கொடியில் அப்படியே சுருட்டிப் போட்டுவிட்டு நின்றேன். நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. இந்த ஏழு மாதத்தில் அந்த அடுப்படியிலிருந்து இந்த வாசனை ஒரு நாளும் வந்ததில்லை.

உங்கள் மகளுக்கும் ஏழு மாதம் முடிந்துவிட்டது. உங்கள் மாமியார் அவளுக்கு முதல் மசியல் செய்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

இந்த மடலை எப்போதோ எழுதியிருக்க வேண்டும். நீங்கள் இருக்கும்போதே வாயால் சொல்லியிருந்தால் எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது. இப்போது மதியம். அவர் அலுவலகத்தில் இருக்கிறார். பாப்பா உறங்குகிறாள். நான்கு வரிக்கு ஒரு முறை எழுந்து போய் அவள் நெற்றியையும் வயிற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். நீங்கள் பார்த்தால், "தூங்குற புள்ளய தூங்க விடு லா" என்று உங்கள் 'லா'வைச் சேர்த்து வேலிக்கு அப்பாலிருந்து அதட்டுவீர்கள்.

நாங்கள் டத்தோ கிராமாட்டில் இந்த வீட்டுக்குக் குடிவந்த மூன்றாம் நாள் உங்களுக்கு நினைவிருக்குமா? பாப்பாவுக்கு அப்போது எட்டு மாதம். எனக்குப் பால் வற்றிக்கொண்டிருந்தது. அவள் எதையும் வாயில் வாங்க மாட்டேன் என்று உதட்டை இறுக்கிக்கொண்டு கத்துவாள். இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவே நெஞ்சளவு உயரத்தில் பலகை வேலி, ஓரத்தில் ஒரு சின்னக் கதவு. நீங்கள் அதன் மேல் ஒரு பித்தளைக் கிண்ணத்தை வைத்து, வாழையிலையால் மூடி, புன்னகையோடு நின்றீர்கள்.

"புது வீட்டுக்காரவுகளா? புள்ள ரெண்டு நாளா அழுவுறது கேக்குது. லாபு, அதான் பரங்கிக்காய், மசிச்சுக் கொண்டாந்திருக்கேன். உப்பு போடல, உறைப்பு போடல. புள்ளைக்குன்னே தனியா எடுத்தது."

நான் கிண்ணத்தைத் தொடவில்லை. "மன்னிச்சுக்குங்க அக்கா. எங்க வீட்டுல வெளியில சமைச்சது எதுவும் வாங்குற வழக்கம் இல்ல" என்றேன்.

அக்கா, இந்த மடல் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். அது பொய்.

எங்கள் வீட்டில் அப்படியொரு வழக்கம் கிடையாது. நாங்கள் சைவம், அது உண்மை. ஆனால் உங்களைப்போல முஸ்லிமான அவருடைய நண்பர்கள் வீட்டிலிருந்து பெருநாளுக்கு வரும் பலகாரத்தை அவர் ருசித்துச் சாப்பிடுவார். நானும் சாப்பிட்டிருக்கிறேன். அன்று உங்களைப் பார்த்ததும் எனக்கு வந்தது பயம். பாப்பாவுக்கு முன்னால் எனக்கு ஒரு மகன் இருந்தான். அவர் ரயில்வேயில் இருந்தபோது புக்கிட் மெர்தாஜாமில் பிறந்தவன். ஏழாம் மாதத்தில் வயிற்றுப்போக்கு கண்டு மூன்றே நாளில் போய்விட்டான். நோய் கண்டதற்கு முந்தைய நாள் பக்கத்து வீட்டம்மா ஆசையாக அவனை மடியில் வைத்து ஒரு வாய் கஞ்சி ஊட்டினார். அந்தக் கஞ்சியால்தானா என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. நானே முடிவு செய்துகொண்டேன். பிறகு யார் கிண்ணம் நீட்டினாலும் எனக்கு அவன் உலர்ந்த உதடுதான் தெரியும்.

இதை உங்களிடம் சொல்லியிருந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னோடு அழுதிருப்பீர்கள். ஆனால் 'உங்கள் கை சுத்தமாக இருக்காதோ என்று பயமாக இருக்கிறது' என்று எந்த முகத்தோடு சொல்வது? வழக்கம் என்றால் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். கல்லூரியில் படித்தவள், அந்தக் கணக்கு மட்டும் சட்டென்று வந்துவிட்டது.

உங்கள் முகம் ஒரு கணம் வாடியது. நான் பார்த்தேன். பிறகு கிண்ணத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "வழக்கம்னா வழக்கம்தான் லா. அதுல என்னா இருக்கு? காயா தந்தா வாங்குவியா?" என்று கேட்டீர்கள்.

தலையாட்டினேன். மறுநாள் காலையில் பாதிப் பரங்கிக்காய் ஒன்று வேலிக்கு மேல் வந்தது. அன்றிலிருந்து நம் இரண்டு வீட்டுக்கும் அதுவே சட்டமாகிப்போனது. காய் வரும், தேங்காய் வரும், உங்கள் மரத்து முருங்கைக்கீரை வரும். என் பக்கத்திலிருந்து அரிசி, பருப்பு, ஊரிலிருந்து வந்த புளி. சமைத்தது ஒன்றும் அந்தப் பலகையைத் தாண்டாது. அந்தச் சட்டத்தை என்னைவிட நீங்கள் கண்டிப்பாகக் காத்தீர்கள்.

முதல் நாள் நான் செய்த மசியலை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. குழந்தை வளர்ப்புப் பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகத்தை நம்பித்தான் நான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். அதில் சொன்னபடி தோலைச் சீவி, துண்டு போட்டு, மூழ்கத் தண்ணீர் விட்டு, இருபது நிமிடம் கொதிக்கவைத்து, வடிகட்டி, கரண்டியையும் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்து, கடிகாரம் பத்து காட்டும்வரை காத்திருந்து ஊட்டினேன். பாப்பா மெல்லத் துப்பினாள். இரண்டாம் வாய்க்கு வாயையே திறக்கவில்லை. மூன்றாவதற்குக் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள்.

வேலிக்கு அப்பாலிருந்து உங்கள் குரல் வந்தது. "ஏ காலேஜம்மா! எத்தன மணிக்குப் பசிக்கணும்னு புள்ளைக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"நேரப்படி குடுத்தாத்தான் செரிமானம் ஆகும்னு போட்டிருக்கு அக்கா."

"போட்டவுக இந்தப் புள்ளயப் பாத்தாகளா? சரி, அது கெடக்கட்டும். எவ்ளோ தண்ணி ஊத்துன?"

"மூழ்கற அளவுக்கு."

நெற்றியில் அடித்துக்கொண்டீர்கள். "அதுக்குள்ளயே ஒரு கிணறு இருக்கு லா! ருசியெல்லாம் தண்ணியில எறக்கி, அந்தத் தண்ணியக் கீழ ஊத்திட்டு, சக்கையப் புள்ளைக்கு ஊட்டுனா துப்பாம என்னா செய்யும்? நானா இருந்தா உன் மூஞ்சியிலேயே துப்பியிருப்பேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஆனால் தண்ணீர் விடாமல் வேகவைத்தால் கிருமி சாகுமா என்று ஐயம். கேட்டேன். "நெருப்புல வேவுறதுக்கு அப்புறமும் உசுரோட இருக்குமா அது? அப்படி இருந்தா அதுக்கு நாம சலாம் போட வேண்டியதுதான்" என்றீர்கள்.

வேலியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நீங்கள் சொல்லச் சொல்ல, இந்தப் பக்கம் நான் செய்தேன். தோலோடு பெரிய துண்டுகளாக வெட்டி மண்சட்டியில் தோல் அடியில் இருக்கும்படி அடுக்கு. கையை நனைத்து இரண்டு முறை உதறு, அந்தத் தண்ணீர் போதும். மூடியின் மேல் ஒரு தணல் துண்டு வை. திறந்து திறந்து பார்க்காதே. "நீ எட்டிப் பாக்க எட்டிப் பாக்க அதுக்கு வெக்கம் வந்துரும், வேவாது." மூடியின் ஓரத்தில் நீராவி முட்டி, வாசனை மாறியதும் இறக்கு. தோலிலிருந்து கரண்டியால் வழித்து, அகப்பையின் முதுகால் மசி. பிள்ளையின் பங்கை முதலில் எடுத்துத் தனியாக வை. அதற்குப் பிறகுதான் நமக்கு உப்பு, பச்சைமிளகாய், தேங்காய்த் துருவல், கடுகு தாளித்துக் கொட்டுவது எல்லாம். "எங்க வீட்ல நெத்திலி வறுத்துப் போடுவோம். நீ மூக்கப் பொத்திக்கிட்டு ஓடிருவ, உனக்கு வேணாம்."

அன்று பாப்பா முதல் வாயை நாக்கால் புரட்டிப் பார்த்தாள். விழுங்கினாள். வாயைத் திறந்தாள். நான் கடிகாரத்தைப் பார்க்க மறந்துபோனேன்.

"தின்னுச்சா?" என்று கேட்டீர்கள். அவளைத் தூக்கி வேலிக்கு மேல் காட்டினேன். மூக்கு, கன்னம், காது எல்லாம் மஞ்சள். நீங்கள் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டீர்கள். சிரிக்கிறீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கல்யாணமாகி ஒன்பது வருடமாக உங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஜெலுத்தோங்கில் உங்கள் தாய்வீட்டில் தம்பி தங்கை ஐந்து பேரையும் இடுப்பில் சுமந்து வளர்த்தது நீங்கள்தான் என்பதையும் பிறகுதான் சொன்னீர்கள்.

அடுத்த மாதம் குழந்தை நல நிலையத்துத் தராசில் பாப்பாவின் எடை ஏறியிருந்தது. நர்ஸ் என் புத்தகத்தைப் பாராட்டினார். நான் மறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து உங்களிடம் சொன்னபோது, "நல்லதுதான், புத்தகத்துக்கு ஒரு கிண்ணம் மசியல் குடு" என்றீர்கள்.

இரண்டு வருடம் அப்படிப் போனது. எத்தனையோ முறை சொல்ல நினைத்தேன். ஒருமுறை உங்கள் பெருநாளன்று நீங்கள் புதுச்சேலை கட்டிக்கொண்டு ஒரு கூடை நிறையச் சமைக்காத சேமியாவும் முந்திரியும் சர்க்கரையும் கொண்டுவந்து வேலிமேல் வைத்தீர்கள். "நீயே காய்ச்சிக் குடி. எங்க வீட்டுப் பாயசம்னு நெனச்சுக்க" என்றீர்கள். அன்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொய் பழசாகப் பழசாக எடுப்பதற்குக் கனமாகிக்கொண்டே போனது. முதல் வாரத்தில் சொல்லியிருந்தால் ஒரு சிரிப்போடு போயிருக்கும். இரண்டாம் வருடத்தில் சொன்னால், 'அப்போ இத்தனை நாளும் என்னை என்னவென்று நினைத்தாய்?' என்று கேட்பீர்கள்.

பிறகு நீங்கள் உண்டானீர்கள். மாதக் கணக்கைக்கூட வாய்விட்டுச் சொல்லப் பயந்து விரல் காட்டினீர்கள். எப்போதும் பயப்படுகிறவள் நான், அந்தச் சில மாதம் மட்டும் உங்களுக்குத் தைரியம் சொன்னேன். மகள் பிறந்தாள். அழுகை கேட்டதும் நானும் பாப்பாவும் வேலியருகே ஓடி வந்தோம். உங்கள் மாமியார் எட்டிப் பார்த்து, "பொட்டப் புள்ள. தாயும் புள்ளயும் நல்லா இருக்காக" என்றார்.

நான்காம் நாள் காய்ச்சல் தொடங்கியது. மருத்துவர் வந்து போனார். ஆறாம் நாள் காலையில் உங்கள் அறை ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டீர்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த விரல்களைத்தான் முதலில் பார்த்தேன், அவ்வளவு வெளுத்திருந்தன.

"காலேஜம்மா, வாயெல்லாம் கசக்குது. மொளகையும் பூண்டையும் குடுத்தே கொல்லுறாக. லாபு குளிர்ச்சியாம், பெத்தவளுக்கு ஆகாதாம், மாமி தொடவே விட மாட்டேங்குது. உன் அடுப்புல மசிச்சு ஒரு கரண்டி கொண்டாயேன். ஒரே ஒரு கரண்டி லா."

"இதோ வரேன் அக்கா" என்றேன்.

செய்தேன். நீங்கள் சொன்னபடியே, தண்ணீர் விடாமல், மூடியைத் திறக்காமல். கிண்ணத்தில் எடுத்து மூடிக்கொண்டு வேலிக் கதவுவரை வந்தேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். உள்ளே நீங்கள் ஜன்னியில் ஏதோ புலம்புவது கேட்டது. பின்னால் பாப்பா என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிரசவக் காய்ச்சல் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒட்டாது என்று எனக்குத் தெரியும் அக்கா. பாடத்தில் படித்திருக்கிறேன். தெரிந்தது ஒரு பக்கம் நின்றது, கை தாழ்ப்பாளைத் திறக்கவில்லை. அந்த அறைக்குள் போய், உங்களைத் தொட்டு ஊட்டிவிட்டு, அதே கையால் இவளை எப்படித் தூக்குவது என்று நினைத்தேன். திரும்பிவிட்டேன்.

அன்று மாலை, மீதியிருந்த ஒரு சின்ன முழுப் பரங்கிக்காயை வேலிக்கு மேலாக உங்கள் மாமியாரிடம் நீட்டி, "அக்காவுக்கு" என்றேன். அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வாங்கிக்கொண்டார். உங்களுக்கென்று செய்த மசியலை ராத்திரிச் சோற்றோடு நாங்கள் சாப்பிட்டோம். நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னார்.

எட்டாம் நாள் விடியும்போது நீங்கள் இல்லை.

ஒரு கரண்டி மசியல் உங்களைப் பிழைக்கவைத்திருக்காது. அது எனக்குத் தெரியும், அதைச் சொல்லி என்னைத் தேற்ற வேண்டாம். நீங்கள் கேட்டீர்கள், நான் வருகிறேன் என்றேன், வரவில்லை.

அன்று வந்தேன். பெண்கள் நிறைந்த கூடத்தில் ஓரமாக நின்று உங்கள் முகத்தைப் பார்த்தேன். ஆண்கள் உங்களைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். மூலையில் உறிக்குக் கீழே அந்தப் பரங்கிக்காய் வெட்டப்படாமல் இருந்தது. மாமியாரும் அங்கேதான் இருந்தார். நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"நீ குடுத்தத அவகிட்ட காட்டினேன்" என்றார். "ஆகாதுன்னு தடுத்தவ நாந்தான், ஆனாலும் எனக்கு உம் மேல கோவம். கேட்டவளுக்கு ஒரு கரண்டி ஆக்கிக் குடுக்கக் கூடாதா, பச்சக் காயக் கொண்டாந்து நீட்டுறாளேன்னு. அவதான் விடல. 'மாமி, அவுக வீட்டு வழக்கம் அது. காயாத்தான் வாங்குவாக, காயாத்தான் குடுப்பாக. அந்தப் புள்ளய ஏசாதீக'ன்னு சொன்னா. அந்தக் காய்ச்சல்லயும் சொன்னா."

நான் அங்கேயே சொல்லியிருக்கலாம். தண்ணீர்க் குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகும் ஏழு மாதம், அக்கா. உங்கள் மகள் அழும்போதெல்லாம் இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அரிசி கொடுத்தேன், பால் டின் கொடுத்தேன், எல்லாம் வேலிக்கு மேலாக.

இன்று அந்த வாசனை வந்ததும் எப்படித் துணிந்தேனோ தெரியாது. பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வேலிக் கதவைத் திறந்து உங்கள் அடுப்படி வாசலில் போய் நின்றேன். மாமியார் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். உங்கள் மகள் பாயில் குப்புறக் கிடந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். உங்கள் நெற்றி, அப்படியே.

"என்னா புள்ள, ஏதும் வேணுமா?"

"மாமி, எங்க வீட்டுல அப்படி ஒரு வழக்கம் இல்ல" என்றேன். அவருக்குப் புரியவில்லை. முதலிலிருந்து சொன்னேன். என் மகனைப் பற்றி, கஞ்சியைப் பற்றி, முதல் நாள் கிண்ணத்தைப் பற்றி, தாழ்ப்பாள்வரை வந்து திரும்பியதைப் பற்றி. நின்றுகொண்டே சொன்னேன். உட்கார் என்று அவர் சொல்லவில்லை.

சொல்லி முடித்த பிறகும் சட்டியில் இருந்ததை மசித்துக்கொண்டே இருந்தார். "இத அவகிட்ட சொல்லியிருந்தா என்னா?" என்று கேட்டார். "உனக்காக எங்கிட்ட எத்தன நாள் மல்லுக்கட்டியிருக்கா தெரியுமா?"

"மன்னிச்சிருங்க மாமி."

"நா என்னத்த மன்னிக்க? அதுக்கு உரியவ போயிட்டா." அகப்பையைத் தட்டினார். "மகன் பேரு என்னா?"

சொன்னேன். அந்தப் பெயரை எத்தனையோ வருடமாக வாய்விட்டுச் சொல்லவில்லை. மாமியார் அதை ஒருமுறை தன் வாயால் சொல்லிப் பார்த்தார். பிறகு ஒரு தட்டை எடுத்து, அதில் மசியலை வைத்து, "வழக்கம்தான் இல்லையே, உக்காரு" என்று என் முன்னால் நகர்த்தினார்.

சாப்பிட்டேன். பாப்பா என் கையைப் பிடித்து இழுத்து, "எனக்கு" என்றாள். அந்தத் தட்டு எங்கே கழுவப்பட்டது, எந்தத் தண்ணீரில், ஈ உட்கார்ந்ததா, எல்லாம் ஒரே மூச்சில் மனதில் ஓடின. மாமியார் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாய் எடுத்து அவளுக்கு ஊட்டினேன். இன்னொரு வாய் கேட்டாள். அதையும் ஊட்டினேன்.

பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான், அக்கா. போகவில்லை. இந்தப் பக்கத்தை எழுதுவதற்குள் ஆறு முறை எழுந்துபோய் அவளைப் பார்த்துவிட்டேன். இனியும் எனக்கு அது இருக்கும், நான் சாகும்வரை இருக்கும் என்று தோன்றுகிறது. அதற்கு வழக்கம் என்று பெயர் வைத்து இன்னொருவர் முகத்தில் காட்ட மாட்டேன், அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். யாராவது கிண்ணம் நீட்டினால், பயமாக இருக்கிறது என்றே சொல்வேன். அவர்கள் சிரித்தாலும் சரி, வருந்தினாலும் சரி.

கிளம்பும்போது மாமியார் வாசல்வரை வந்தார். நாளைக் காலையில் பசாருக்குப் போக வேண்டுமாம், உங்கள் மகளை என்னிடம் விட்டுப் போகலாமா என்று கேட்டார். விடுங்கள் என்றேன். அவளுக்கு உணவு கொடுத்தனுப்புகிறீர்களா, என்ன ஊட்டட்டும் என்று கேட்டேன்.

"எதுக்குக் குடுத்தனுப்பணும்?" என்றார். "உன் சட்டியில என்னா இருக்கோ, அத ஊட்டு."

வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.